முடுக்குக்குள் ஒரு தேர்தல்

ஸபர், பிறை 9

இந்தப் புத்தகம் என்னுடையதல்ல. வெள்ளைக்கார வருஷப் பிறப்புக்கு இவர்கள் கொழும்பிலிருந்து வாங்கி வந்தது. தோல் அட்டை, ஓரமெல்லாம் தங்கப் பூச்சு. பெரிய மனிதர்கள் எல்லோரும் நாட்குறிப்பு எழுதுகிறார்களாம். முதல் பக்கத்தில் "இன்று நல்ல வெயில்" என்று எழுதினார்கள். மறுநாள் "இன்றும்" என்று எழுதினார்கள். பெரிய மனிதர் ஆவதற்கு அது போதும் என்று பட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு எட்டு மாதமாகப் புத்தகம் என் அரிசிப் பானைக்கு மூடியாக இருந்தது. இன்று தூசி தட்டி எடுத்துக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்தது அரபுத்தமிழ். பேச்சு தமிழ், எழுத்து அரபு, வலமிருந்து இடமாகப் போகும். அதனால் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன். இவர்கள் முன்னாலிருந்து, நான் பின்னாலிருந்து. இந்த வீட்டில் எல்லாக் காரியமும் அப்படித்தான் நடக்கிறது.

"இவர்கள்" என்றால் என் மாப்பிள்ளை. பெயரை எழுத மாட்டேன். நிக்காஹ் முடிந்து பத்தொன்பது வருஷமாக வாயால் சொல்லாத பெயரைக் கையால் மட்டும் சொல்லலாமா? ஊரில் எல்லோரும் மரைக்காயர் என்கிறார்கள். நல்லவர், முத்து வியாபாரி, துருக்கித் தொப்பியின் குஞ்சம் ஆடாமல் நடக்கத் தெரிந்தவர். இன்று காலை தமுக்கு அடித்தார்கள். பவளத்துறை யூனியன் போர்டுக்கு எலெக்‌ஷன். எங்கள் நாலு தெருவுக்கும் சேர்த்து ஒரு மெம்பர். இவர்கள் நிற்கிறார்கள்.

ஸபர், பிறை 11

எதிரில் நிற்பவர் நூகு லெப்பை. அவர் வேறு யாருமில்லை, என் உயிர்த்தோழி சுல்தான் பீவியின் மாப்பிள்ளை. என்னைவிட நாலு வயசு மூத்தவள், சுல்தா லாத்தா என்று கூப்பிடுவேன். அவள் கொல்லைக் கதவுக்கும் என் கொல்லைக் கதவுக்கும் நடுவில் முடுக்கு மட்டும்தான்.

இரவுச் சோறு தின்னும்போது இவர்கள் தேர்தல் வாக்குறுதியைச் சொன்னார்கள்.

"கடைத்தெருவுலேந்து கடக்கரை வரைக்கும் மோட்டார் ரோடு போடப்போறேன். இந்த ஊரு கொழும்பு மாதிரி ஆயிடும் பாரு."

"ஆவட்டும். எந்த வழியா?"

"நேர் வழிதான். முடுக்கு வழியா."

மீன் முள்ளைத் தொண்டையில் சிக்கவிடாமல் விழுங்கினேன். லெப்பையும் இதே ரோட்டைத்தான் சொல்கிறாராம். இரண்டு பேருக்கும் மோட்டார் வாங்க ஆசை. போட்டியெல்லாம் யார் முதலில் ஹாரன் அடிப்பது என்பதில்தான்.

ஸபர், பிறை 12

முடுக்கைப் பற்றி எழுத வேண்டும். நாளைக்கு அது இல்லாமல் போனால் இந்தப் புத்தகத்திலாவது இருக்கட்டும்.

வீடுகளின் முதுகுக்குப் பின்னால் ஓடும் சந்து அது. இரண்டு பெண்கள் தோள் உரசாமல் நடக்கலாம், மூன்று பேர் முடியாது. ஆண்கள் அதில் வர மாட்டார்கள். குறுக்கே தாண்டியே ஆக வேண்டுமென்றால் தூரத்திலிருந்தே கனைத்துவிட்டு, குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டு ஓடுவார்கள். மானேஜர், தாசில்தார் யாராயிருந்தாலும் அப்படித்தான். எனக்குப் பன்னிரண்டு வயதுக்குப் பிறகு தெருவில் கால் வைத்த ஞாபகம் இல்லை. ஆனால் நான் போகாத இடமும் இல்லை. பெண்கள் கூடி ஓதும் தைக்காவுக்கு, சாச்சி வீட்டுக்கு, பிள்ளை பெற்ற வீட்டுக்கு, உயிர் போன மௌத்து வீட்டுக்கு எல்லாம் முடுக்கு வழியாகத்தான். அதன் கடைசி முனையில் கடல் தெரியும். பொழுது சாயும் நேரத்தில் லாத்தாவும் நானும் அந்த முனையில் காலை நனைத்துக்கொண்டு நிற்போம். அங்கே நின்றுதான் சிரிப்போம், அழுவோம், ஊர் நியாயம் பேசுவோம்.

அதில் ரோடு வந்தால் எனக்கு வீடு இருக்கும், ஊர் இருக்காது. அவ்வளவுதான் விஷயம்.

லாத்தாவிடம் சொன்னேன். அவள் வெற்றிலையை மடித்துக்கொண்டே கணக்குப் போட்டாள்.

"இவங்களுக்கு மோட்டார் வேணும். மோட்டாருக்கு ரோடு வேணும். ரோட்டுக்கு எடம் வேணும். எடம் நம்ம கொல்லையில ஈக்குது. யாராவது நம்மகிட்ட கேட்டாங்களா புள்ளே?"

"நமக்கென்ன தெரியும் லாத்தா?"

"ஆமா, நமக்கென்ன தெரியும்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் நல்ல சிரிப்பில்லை.

ஸபர், பிறை 17

இன்று நடந்ததை நினைத்து நினைத்து மாவு பிசைந்ததில் கொழுக்கட்டை உருண்டையே வரவில்லை.

யூனியன் குமாஸ்தா சங்கரலிங்கம் பிள்ளை ஓட்டர்களின் பெயர் சரிபார்க்க வந்தார். நான் கதவுக்குப் பின்னால். இவர்கள் முன்கட்டில் தொப்பியோடு.

"வீட்டுக்காரர் பேரு?"

இவர்கள் தம் முழுப்பெயரைத் தகப்பனார் பெயரோடு சொன்னார்கள்.

"அது குடியிருக்கிறவர் பேரு ஐயா. வீடு யார் பேர்ல இருக்கு?"



வெளியூரார் யாராவது இதைப் படித்தால் புரியாது. எங்கள் ஊரில் பெண் பிள்ளை பிறந்தால் வாப்பா வீடு கட்டத் தொடங்குவார். அவளுக்கு நிக்காஹ் ஆனால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கே வருவார். வீடு அவள் பெயரில். வரியும் அவள் பெயரில். தலைமுறை தலைமுறையாக இப்படித்தான். வரி கட்டுகிற வீட்டுக்கு ஓட்டு, பெண்ணாயிருந்தாலும் ஓட்டு என்று இந்த முறை சட்டம். ஆக நாலு தெருவிலும் வீட்டு ஓட்டு எல்லாம் எங்களுடையது. ஆண்களில் கடைத்தெருவில் சரக்குக் கிட்டங்கி வைத்திருக்கும் சிலருக்குத்தான் ஓட்டு. மற்றவர்கள் கடையெல்லாம் கொழும்பில்.

"அப்ப எனக்கு?" என்றார்கள்.

"கிட்டங்கிக்கு ஒண்ணு உண்டுங்க. வீட்டு ஓட்டு அம்மாவுக்கு. அம்மா பேரு ஆசியா உம்மாள்தானே?"

பிள்ளை போன பிறகு இவர்கள் கொஞ்ச நேரம் குஞ்சத்தைத் தடவிக்கொண்டிருந்தார்கள். பிறகு முகம் மலர்ந்துவிட்டது.

"சரிதான். ஒனக்கு ஒரு ஓட்டுன்னா எனக்கு ரெண்டு ஓட்டுன்னு அர்த்தம்."

"ஆமா" என்றேன்.

ஸபர், பிறை 18

விடிந்ததும் முடுக்கில் லாத்தா நின்றாள். அவள் வீட்டிலும் பிள்ளை வந்து போயிருக்கிறார். அங்கேயும் "எனக்கு ரெண்டு ஓட்டு" என்றுதான் சொன்னாராம்.

ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். சத்தம் போடுவதில்லை, அழுவதில்லை, "ரோடு வேண்டாம்" என்று ஒரு சொல் கூடச் சொல்வதில்லை. சொன்னால் பிடிவாதம் வரும். இரண்டு பேரில் யார் தானாகவே முடுக்கை விட்டு ரோட்டை வேறு பக்கம் திருப்புகிறாரோ, அவருக்கே நாலு தெரு ஓட்டும். தோற்ற வீட்டில் கோபம் கூடாது. ஜெயித்த வீட்டில் வட்டிலப்பம்.

"ஒன் மாப்பிள்ளைதான் ஜெயிக்கணும்னு ஒனக்கு ஆசை ஈக்குதா புள்ளே?" என்றாள்.

எனக்கு முடுக்கு நின்றால் போதும், யார் ஜெயித்தால் என்ன என்று சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி சரி" என்றாள். அந்த "சரி சரி" எனக்குப் பிடிக்கவில்லை.

ரபியுல் அவ்வல், பிறை 1

நபியின் புகழ் ஓதும் மௌலூது மாதம் பிறந்துவிட்டது. பன்னிரண்டு நாளும் பெண்கள் தைக்காவில் ஓதுவோம். நேர்ச்சைக்குத் தம்மடைப் பலகாரம் சுட என் வீட்டு அடுப்பு, தேங்காய்ப் பால் மூன்று வீடு தள்ளி ஜெய்னம்பு வீட்டில், மசாலா லாத்தா வீட்டு அம்மியில்.

இவர்களுக்கு வெற்றிலை கொடுக்கும்போது ஒரு பேச்சுக்குச் சொன்னேன்: "ரோடு போடுவேன்னு வாயால யாரும் சொல்லலாம். எலெக்‌ஷனுக்கு முன்னாலயே அளந்து காட்டினா ஊரு நம்பும்ல?"

சும்மாதான் சொன்னேன். இவர்கள் அப்படியே எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

ரபியுல் அவ்வல், பிறை 3

என்ன பொருத்தமோ, லாத்தாவும் அவள் வீட்டில் அதே நாள் அதே பேச்சைச் சொல்லியிருக்கிறாள். ஆக இன்று காலை இவர்கள் கூட்டிவந்த அளவுக்காரர்கள் கடைத்தெரு முனையிலிருந்தும், லெப்பை கூட்டிவந்தவர்கள் கடல் முனையிலிருந்தும் முடுக்கை அளக்கத் தொடங்கினார்கள். சங்கிலி, கம்பு, கொடி, நாலும் நாலும் எட்டு ஆண்கள். நடுவில் சந்தித்து, உன் சங்கிலி நீளம் என் சங்கிலி நீளம் என்று சண்டை. ஒரு நாள் வேலை ஒரு வாரம் ஆகுமாம்.

முடுக்கில் அந்நிய ஆண்கள் நின்றால் நாங்கள் எப்படி வெளியே வருவது? மானமுள்ள பெண்கள் நாங்கள். கொல்லைக் கதவை எல்லோரும் சாத்தித் தாழ் போட்டுவிட்டோம்.

ரபியுல் அவ்வல், பிறை 4

கஞ்சி.

ரபியுல் அவ்வல், பிறை 5

மறுபடியும் கஞ்சி. இவர்களுக்கு விளக்க வேண்டியதாயிற்று.

"கறி என்னாச்சு?"

"மசாலா லாத்தா வீட்டு அம்மியில அரைக்கிறது. எடுத்துவர வழியில்லையே."

"இடியாப்பம்?"

"மாவு ஈக்குது. இடியாப்ப உரல் அஞ்சாவது வீட்டுல நிக்குது."

"தேத்தண்ணி ஏன் இப்படி உப்புக் கரிக்குது?"

"நல்ல தண்ணிக் கிணறு ஜெய்னம்பு கொல்லையில. கொல்லைக்கு வாசல் முடுக்குல."

"தெரு வழியா ஆள விட்டு எடுத்தா என்ன?"

"அவ கொல்லைக்குள்ள ஆம்பள ஆள் போனா அவ மாப்பிள்ள சும்மா ஈப்பாரா?"

இவர்கள் கரண்டியைக் கீழே வைத்தார்கள். நாலு தெருவிலும் ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனி அடுப்பு எரிவதாகத்தான் இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறார்கள். பாவம். அடுப்பு பல, சமையல் ஒன்று என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ரபியுல் அவ்வல், பிறை 6

ஊறுகாயும் தீர்ந்துவிட்டது. தைக்காவில் மூன்று நாளாக ஓதல் இல்லை. அதை எழுதும்போது மட்டும் மனசு வலிக்கிறது. வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து தனியாக ஓதினேன். முடுக்குக்கு அந்தப் பக்கம் லாத்தாவின் குரல் கேட்டது. அவள் ஒரு அடி ஓத, நான் மறு அடி ஓதினேன். அளவுக்காரர்கள் கூடச் சங்கிலியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்களாம்.

பள்ளிவாசலில் ஆண்களெல்லாம் இவர்களையும் லெப்பையையும் சூழ்ந்துகொண்டு, மௌலூது மாதத்தில் நேர்ச்சைத் தம்மடை வரவில்லையே என்று கேட்டிருக்கிறார்கள். இவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். நான் கஞ்சியை வைத்தேன்.

"ஆசியா, ஒனக்கு ரோட்டுல ஏதாவது மனத்தாங்கலா?"

"எனக்கென்ன தெரியும்? நீங்க படிச்சவுங்க, நாலு ஊர் பாத்தவுங்க."

இதைச் சொல்லும்போது சிரிப்பு வந்துவிடக் கூடாதே என்று கஞ்சிப் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரபியுல் அவ்வல், பிறை 7

அதிகாலையில் இவர்கள் கொல்லைக் கதவைத் திறந்து, கனைத்துவிட்டு, முடுக்குக்குள் போனார்கள். கடல் முனை வரைக்கும் நடந்து திரும்பினார்கள். இந்த வீட்டுக்கு வந்த பத்தொன்பது வருஷத்தில் அதைப் பார்த்ததே இல்லை. திரும்பி வந்தபோது செருப்பெல்லாம் மணல்.

"அந்த முனையில கல்லு ரெண்டு கெடக்குதே. அது என்ன?"

"லாத்தாவும் நானும் உக்காருற கல்லு."

செருப்பு மணலைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அரை மணி நேரம் கழித்து, கண்டுபிடித்தவர் மாதிரி கையைத் தட்டினார்கள்.

"நான் யோசிச்சிட்டேன். ரோட்டை உப்பளத்துப் பக்கமா சுத்தி விட்டா என்ன? அங்க எடம் தாராளமா கெடக்குது. மோட்டார் வளைஞ்சு ஓடுறதுதான் அழகு."

"உங்களுக்குத்தான் இப்படியெல்லாம் தோணும்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். கஞ்சி பாதி வேலை செய்திருக்கலாம். மீதிப் பாதியை அந்தக் கல் செய்தது என்று எனக்குத் தெரியும். இவர்களைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல் இருந்தது. முட்டை பொரிக்கப் போய்விட்டேன்.

ரபியுல் அவ்வல், பிறை 9

ஜும்மாவுக்குப் பிறகு இவர்கள் ரோடு உப்பளத்துப் பக்கம் என்று அறிவித்துவிட்டார்கள். அளவுக்காரர்கள் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். கொல்லைக் கதவுகள் படபடவென்று திறந்த சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும்! பெருநாள் மாதிரி. தைக்காவில் விட்டுப்போன ஓதலை எல்லாம் சேர்த்து ஓதினோம்.

லெப்பை மட்டும் அசையவில்லை. முடுக்கு வழிதான் நேர் வழி, மரைக்காயர் பயந்துவிட்டார் என்கிறாராம்.

"ஒங்க வீட்டுல கஞ்சி குடுக்கலியா லாத்தா?"

"குடுத்தேன். குடிச்சாத்தானே? மேலத் தெருவுல அவருக்கு உம்மா வீடு ஈக்குது. மூணு வேளையும் அங்க போயி கறியும் சோறும் தின்னுட்டு வந்து, என் கஞ்சியப் பாத்து சபூர் செய்யி, பொறுத்துக்கோங்கறாரு!"

அவளுக்கு வந்த கோபத்தைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. யானைக்கும் அடி சறுக்கும். மாமியார் வீட்டுக் கறியை நாங்கள் இரண்டு பேரும் கணக்கில் எடுக்கவே இல்லை.

ரபியுல் அவ்வல், பிறை 12

மௌலூது நிறைவு. நேர்ச்சை வாங்கி முடிந்த பிறகு லாத்தாதான் எழுந்து சொன்னாள். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், ஓட்டு ஆசியா மாப்பிள்ளைக்கு. அவள் மாப்பிள்ளை எதிரில் நிற்கிறார் என்பதால் சபையே கொஞ்சம் தலை குனிந்தது.

"என்ன எல்லாரும் மௌத்து வீடு மாதிரி உக்காந்திருக்கிய? என் மாப்பிள்ளை தோத்தா வீட்டுல ஈப்பாரு. முடுக்கு தோத்தா எங்க போயி தேடுவிய?"

அவளைப் போல் ஒருத்தி எனக்குக் கிடைத்ததற்கு அல்லாஹ்வுக்கு எத்தனை தடவை சுக்ரு செய்தாலும் தகும்.

ரபியுல் அவ்வல், பிறை 18

எல்லாம் கைகூடிவிட்டது என்று இருந்தேன். இன்று பெரிய குழியில் விழுந்தோம்.

மதரஸாவில் பெண்களுக்குத் தனியாகத் திரை கட்டி, பெண் அதிகாரியே வைக்கிறார்களாம். பாளையங்கோட்டையிலிருந்து ஒரு டீச்சரம்மா. தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாதவர்கள் ஓட்டு யாருக்கு என்று வாயால் சொன்னால் அந்த அம்மா கோடு போட்டுக்கொள்வார். சரி, பழகிக்கொள்ளலாமே என்று தைக்காவில் ஒத்திகை வைத்தோம். லாத்தா டீச்சரம்மாவாக உட்கார்ந்தாள்.

"யாருக்கு ஓட்டு?"

ஜெய்னம்பு வாயைத் திறந்தாள், மூடினாள். "லாத்தா, அது என் மாமனார் பேரு. எப்படிச் சொல்லுவேன்?"

அடுத்தவள்: "என் மாப்பிள்ளை பேரும் அதேதானே."

அதற்கடுத்தவள்: "எனக்கு மச்சான் பேரு."

எங்கள் ஊர் தர்காவில் அடங்கியிருக்கும் பெரியவருடைய பெயர்தான் இவர்களுக்கும். அந்தப் பரக்கத்துக்காக மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் அதே பெயரை வைத்திருக்கிறார்கள். வீடு தவறாமல் யாராவது ஒருத்திக்கு அது சொல்லக் கூடாத பெயர். சொல்லத் தடையில்லாதவர்களுக்கும் வெட்கம். "ஒரு பொம்பளையும் சொல்லாத பேரை நாங்க மட்டும் சொல்லவா?" என்கிறார்கள். கஞ்சி, சங்கிலி, உப்பளம் எல்லாம் யோசித்தோம். ஓட்டுப் போட வேண்டியவரின் பெயரை யாராலும் சொல்ல முடியாது என்பது ஒருத்திக்கும் தோன்றவில்லை!

"என் மாப்பிள்ளை பேரைச் சொல்ல எத்தன பேருக்குத் தடை?" என்று லாத்தா கேட்டாள்.

அவள் ஒருத்திக்குத்தான். மற்ற எல்லோரும் "நூகு லெப்பை" என்று கணீரென்று சொன்னார்கள். இப்படியே போனால் லெப்பை எல்லா ஓட்டையும் அள்ளிக்கொண்டு முடுக்கில் ஹாரன் அடிப்பார்.

ரபியுல் அவ்வல், பிறை 20

ஒரு வழி கண்டோம். நிற்பது இரண்டு பேர். "நூகு லெப்பை இல்லை, மத்தவர்" என்று சொன்னால் போதாதா? எல்லோரும் அதைப் பாடம் செய்துகொண்டார்கள். நாளைக்கு எலெக்‌ஷன். வேட்பாளர் வீட்டுக்காரி என்பதால் நான்தான் முதல் ஆள்.

 இன்று இவர்கள் தொப்பியை மூன்று தடவை துடைத்தார்கள். தோற்றுவிட்டால் ஊர் சிரிக்குமே என்றார்கள். உங்களைப் பார்த்து யார் சிரித்தாலும் அவர்கள் வீட்டுக்கு நாளைக்கு இடியாப்ப உரல் போகாது என்று சொன்னேன். அவர்களுக்குப் புரியவில்லை.

எனக்கு யார் ஜெயித்தாலும் ஒன்று என்று முன்னால் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தை இப்போது புரட்டிப் பார்க்கப் போவதில்லை.

ரபியுல் அவ்வல், பிறை 21

 இன்றே எழுதிவிட வேண்டும்.

வெள்ளைத் துப்பட்டி போர்த்தி முடுக்கு வழியாக வரிசையாகப் போனோம். மதரஸாவின் நடுவில் கனத்த திரை. அந்தப் பக்கம் ஆண்கள். இவர்களும் லெப்பையும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் மேசை, அதற்குப் பின்னால் டீச்சரம்மா. பெயர் ஞானப்பூ அம்மாள். மூக்குக்கண்ணாடி, அன்பான முகம்.

"சொல்லுங்கம்மா. ஓட்டு யாருக்கு?"

"நூகு லெப்பை இல்ல, மத்தவர்" என்றேன்.

"யாரும்மா?"

"மத்தவர்."

அவர் தாளை மேலும் கீழும் பார்த்தார். "மத்தவர்னு யாரும் நிக்கலியேம்மா."

 சட்டப்படி பெயரைச் சொன்னால்தான் கோடு போடலாம், இல்லாவிட்டால் அந்த ஓட்டு வீண் என்று ஞானப்பூ அம்மாள் வருத்தத்தோடு சொன்னார். ஜெய்னம்பு துப்பட்டியைக் கடித்துக்கொண்டாள். வரிசையின் கடைசியில் நின்றவர்கள் திரும்பிப் போகத் தொடங்கினார்கள். நான் சொல்லாவிட்டால் ஒருத்தியும் சொல்ல மாட்டாள். இது என் தலையில் விழுந்துவிட்டது என்று தெரிந்தது.

அந்த இரண்டு கல்லை நினைத்துக்கொண்டேன். பிஸ்மில்லாஹ் சொன்னேன். மெதுவாக, உதடு மட்டும் அசைய, பெயரைச் சொன்னேன்.

"கேக்கலம்மா. எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

இன்னொரு தடவை சொன்னேன்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று தெரியாது. பத்தொன்பது வருஷமும் தொண்டைக்குள் வைத்திருந்த பெயரை, மதரஸா ஓடு அதிரும்படி, தகப்பனார் பெயரோடு சேர்த்துக் கத்திவிட்டேன்.

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி கீழே விழுந்த சத்தம் கேட்டது.

 அதற்குள் எனக்குப் பின்னால் ஜெய்னம்பு சிரிக்கத் தொடங்கினாள். "ஆசியாவே சொல்லிட்டா, எனக்கென்ன!" என்று மேசைக்கு முன்னால் போய், தன் மாமனார் பெயரை அவளும் ஒரு கத்து கத்தினாள். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. ஒருத்தி பின் ஒருத்தியாகக் கத்தினார்கள். மாப்பிள்ளை பெயர், மாமனார் பெயர், மச்சான் பெயர் என்று அத்தனை வருஷ பாக்கியையும் சேர்த்துச் சொன்னார்கள். அந்தப் பக்கத்து ஆண்களில் அந்தப் பெயருள்ளவர்களெல்லாம் தம்மைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தார்களாம்.

லாத்தா மட்டும் கத்தவில்லை. ஞானப்பூ அம்மாளின் இடது பக்கம் போய்க் குனிந்து, காதுக்குள் ஏதோ சொன்னாள். அவர் ஒரே தடவையில் கோடு போட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "லாத்தா, அந்த அம்மாவுக்கு எடது காது நல்லாக் கேக்குதா?"

"நல்லாக் கேக்குதே. உள்ள வந்ததுமே பாத்துட்டேன்."

"அப்ப எங்கிட்ட ஏன் சொல்லல? மானம் போகக் கத்தினேனே!"

"சொல்லியிருந்தா நீ கத்தியிருப்பியா? நீ கத்தாட்டி இவளுவ யாராவது வாயத் தொறந்திருப்பாளுவளா?"

அவள் யாருக்குப் போட்டாள் என்று நான் கேட்கவில்லை. இனியும் கேட்க மாட்டேன்.

ரபியுல் அவ்வல், பிறை 22

இவர்கள் ஜெயித்துவிட்டார்கள். நான் யார் ஜெயித்தாலும் ஒன்று என்று இருந்தவள், அடுப்படியில் யாரும் பார்க்காதபோது ஒரு குதி குதித்தேன். ஒன்றல்ல, மூன்று.

கடைத்தெருவில் பிரசங்கம். உப்பளத்து ரோடு தம்முடைய நெடுநாள் யோசனை என்றும், இரவு பகலாகச் சிந்தித்து எடுத்த முடிவு என்றும் சொன்னார்களாம். நல்ல கைதட்டலாம்.

மாலையில் வட்டிலப்பம் செய்தேன். பாலும் முட்டையும் சீனியும் முடுக்கு வழியாக ஏழு வீட்டிலிருந்து வந்தன. லெப்பையும் வந்து இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். உம்மா வீட்டில் இவ்வளவு ருசி இல்லை என்று ஒப்புக்கொண்டார். லாத்தா கதவிடுக்கில் நின்று என் கையைக் கிள்ளினாள்.

ரபியுல் அவ்வல், பிறை 23

காலையில் இவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். நல்ல தண்ணித் தேத்தண்ணி. குடிக்காமல் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தார்கள்.

"ஆசியா."

"ம்."

"இன்னொரு தடவ சொல்லு."

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காத. நாற்காலிலேந்து விழுந்தது நான்தான்."

 முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் ஒரு விஷயம் மனசுக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. எலெக்‌ஷன் வாக்குறுதி எலெக்‌ஷனோடு போய்விடும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். இன்றைக்கு உப்பளம் என்பவர்களுக்கு நாளைக்கு மறுபடி நேர் வழி தோன்றலாம்.

"சொல்றேன்" என்றேன். "உப்பளத்து ரோடு முடியட்டும். முடிஞ்ச அன்னைக்குச் சொல்றேன்."

இவர்கள் என்னைப் பார்த்தார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்கள். பத்தொன்பது வருஷத்தில் இப்படிப் பார்த்ததில்லை. பிறகு தேத்தண்ணியை முடிக்காமலேயே தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு யூனியன் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார்கள். குஞ்சம் தாறுமாறாக ஆடியது.

ஜமாதுல் ஆகிர், பிறை 14

இதை மட்டும் புத்தகத்தின் முன்பக்கத்தில், இவர்கள் எழுதிய இரண்டு வரிக்குக் கீழே எழுதுகிறேன்.

ரோடு முடிந்துவிட்டது. உப்பளத்தைச் சுற்றிச் செம்மண் ரோடு, வளைவு வளைவாக, அழகாகத்தான் இருக்கிறதாம். முதல் மோட்டார் லெப்பையுடையது. முதல் ஹாரனும் அவர்தான் அடித்தார். இவர்களுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. திறப்பு விழா மாலை கழுத்தில் இருக்க, நேரே வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு என் முன்னால் நின்றார்கள். வாக்கு வாக்குத்தானே, வாயால் சொன்னேன்; இப்போது கையாலும்.

சதக்குத் தம்பி.